பருப்பும் குளிசையும் ஒரே வாசலில்

(ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்ட வாசிகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

கை நடுங்கி உடல் இறுகும் பார்க்கின்சன் நோயாளர் இருக்கும் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "காலையில் போடும் லெவோடோபாக் குளிசை கேட்கிறது, மத்தியானம் போடுவது கேட்பதில்லை." இரண்டும் ஒரே குளிசைதான். ஆனால் மத்தியானக் குளிசையோடு பருப்பும் கருவாடும் சேர்ந்து வயிற்றுக்குள் போகின்றன.

நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றுள் பினைலலனைன், தைரோசின், டிரிப்டோபன், லியூசின் போன்றவை மூளைக்கும் குருதிக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாமாகக் கடக்க முடியாமல், பொதுவான ஒரு கடத்திப் புரதத்தின் துணையோடு உள்ளே செல்கின்றன. பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் குறைந்துபோன, உடலசைவுக்கு வேண்டிய இரசாயனமான டோபமினை நேரே கொடுத்தால் அது அந்தத் தடுப்பைத் தாண்டாது. ஆகவேதான், உள்ளே சென்றபின் டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறோம். அதுவும் ஓர் அமினோ அமிலமே என்பதால், சாப்பாட்டிலிருந்து வந்தவற்றோடு அதே வாசலில் முண்டியடிக்க வேண்டியிருக்கிறது. குடலிலும் அதற்கு இதே நெருக்கடிதான்.

இந்த நெருக்கடி பிறவியிலேயே நேர்ந்தால் என்ன ஆகும்? 1934இல் நோர்வேயில், மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளின் சிறுநீரில் வீசிய விசித்திர வாடைக்குக் காரணம் தேடி, ஒரு தாய், அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் போனார். ஃபோலிங் அந்தச் சிறுநீரில் பெரிக் குளோரைட்டைச் சேர்த்தபோது அது பச்சையாக மாறியது. பினைலலனைனைத் தைரோசினாக மாற்றும் நொதியம் செயற்படாததால், தேங்கிய பினைலலனைன் அதே வாசலை நெருக்கி மூளையைச் சிதைத்திருந்தது; பினைல்கீட்டோனூரியா என்பது இந்நோயின் பெயர். விடாமல் விசாரித்த அந்தத் தாய்க்கும் இக்கண்டுபிடிப்பில் பங்குண்டு என்பேன். பிறந்த சில நாட்களில் குதிக்காலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் இந்நோயை இனங்கண்டு, பினைலலனைன் குறைந்த உணவைத் தொடக்கத்திலேயே கொடுத்தால், அந்தச் சிதைவைத் தடுக்கலாம்.

லெவோடோபாவைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னரோ, ஒரு மணித்தியாலம் கழித்தோ எடுக்கச் சொல்கிறோம். குமட்டினால் புரதமில்லாத சிறு தீனியோடு எடுக்கலாம். இதைக் கேட்டுவிட்டுப் பெரியவரின் தட்டிலிருந்து பருப்பை எடுத்துவிடாதீர்கள். கோதுமை மா ரொட்டியில் குறைவாயுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்புத்தான் ஈடுசெய்கிறது; அதையும் நிறுத்தினால், ஏற்கெனவே மெலிந்தவர் இன்னும் மெலிவார். மருத்துவரோடு பேசி, புரதத்தின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். இரத்தச்சோகைக்குக் கொடுக்கும் இரும்புக் குளிசையும் லெவோடோபாவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அடுத்த முறை கிளினிக்குக்கு எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள். எதை எந்நேரம் விழுங்குகிறார் என்பதையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.