ஞாயிறு பள்ளி வாத்தியாரைக் கைவிட்ட சபை

நண்பர்களே, அமெரிக்காவின் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் (வேதமே இறுதி வார்த்தை, மனம் மாறி இயேசுவை ஏற்பது அவசியம் என்று நம்பும் புராட்டஸ்டண்டுகள்) பத்துக்கு எட்டு பேர் 2016-லும் 2024-லும் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள் என்கின்றன வாக்குச்சாவடிக் கணிப்புகள். பக்தி உள்ளவர்கள் பக்திமானைத்தான் தேடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அசலான பக்திமான் ஒருவர் அவர்களுக்குக் கிடைத்திருந்தார்.

1976 அதிபர் தேர்தலுக்கு, ஜனநாயகக் கட்சி வேட்பாளராக, ஜார்ஜியா மாநிலத்து பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து வந்தார் ஜிம்மி கார்ட்டர். கடலை விவசாயி, தெற்கு பாப்டிஸ்ட் என்ற பெரிய இவாஞ்சலிக்கல் சபைப் பிரிவைச் சேர்ந்தவர், சபையில் வேதம் கற்றுத்தரும் ஞாயிறு பள்ளி வாத்தியார். மறுபடியும் பிறந்தவன், அதாவது இயேசுவை ஏற்றுப் புதுவாழ்வு பெற்றவன், என்று தன்னைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டார். இவாஞ்சலிக்கல் மக்கள் திரளாக ஓட்டுப் போட்டார்கள், அதிபரானார்.

நாலே வருடம். அதே மக்களில் பெரும்பகுதி குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் பக்கம் போய்விட்டது. ரீகன் ஹாலிவுட் நடிகர், விவாகரத்து ஆனவர். கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தபோது, 1967-ல், கருக்கலைப்புக்கு வழிவிட்ட சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

ஏன் இந்த மாற்றம்? 1973-ல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக்கியதுதான் காரணம் என்பார்கள். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. 1971-லேயே தெற்கு பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. எனக்குத் தெரிந்தவரை, முதல் கோபம் பள்ளிக்கூடத்தில் பிறந்தது. கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத கிறிஸ்தவத் தனியார் பள்ளிகள் தெற்கில் நிறைய முளைத்திருந்தன. அவற்றின் வரிவிலக்கில் அரசு கைவைத்தது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வரிவிலக்கை இழந்தது கார்ட்டர் பதவியேற்பதற்கு முன்பே. ஆனால் 1978-ல் வரித்துறை விதிகளை இன்னும் இறுக்கப் பார்த்தபோது, பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. கருக்கலைப்பு அப்புறம் வந்து சேர்ந்தது. வந்தபின் எல்லாவற்றையும் விடப் பெரிதானது.

ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகரைப் பாருங்கள். 1965-ல் மார்ட்டின் லூதர் கிங் அலபாமா மாநிலத்து செல்மாவில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக ஊர்வலம் நடந்தபோது, போதகர்களின் வேலை ஆத்தும ஆதாயம், அதாவது மனிதரை விசுவாசத்துக்குக் கொண்டுவருவது, அரசியல் அல்ல என்று பிரசங்கம் செய்தவர். 1979-ல் அவரே 'மாரல் மெஜாரிட்டி' (ஒழுக்கப் பெரும்பான்மை) என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. கறுப்பின மக்களின் ஓட்டுக்காகப் பேசக் கூடாத பிரசங்க பீடம், பதினாலு வருடத்தில் பேசக் கற்றுக்கொண்டது.

1980 ஆகஸ்டில் டல்லாஸில் ஆயிரக்கணக்கான போதகர்கள் கூடினார்கள். 1954 சட்டப்படி, வரிவிலக்கு பெறும் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. மேடையேறிய ரீகன், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது, நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். அரங்கம் அதிர்ந்தது. நவம்பர் தேர்தலில் 44 மாநிலங்கள் அவர் வசமாயின.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அதே வேதத்தை வாசித்து, மறுபிறப்பை அதே உறுதியோடு நம்பும் கறுப்பினப் புராட்டஸ்டண்டுகள் இன்றுவரை பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்கள். ஆகவே இதை வேதத்தின் ஓட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்ட்டர் பிளெய்ன்ஸுக்குத் திரும்பி, தொண்ணூறு வயது தாண்டியும் ஞாயிறு பள்ளி நடத்தினார். சபையில் இடம்பிடிக்க, விடியுமுன்பே வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 2024 அக்டோபரில், 100 வயதில், தபாலில் ஓட்டுப் போட்டார். டிசம்பர் 29-ல் அதே ஊரில், தன் வீட்டில் கண்மூடினார்.