மலைப்பாதையைக் கெடுப்பது ஆயிரமாவது ஆள் இல்லை, முதலில் நடந்தவர்கள்தான்!

(காட்சி: செம்மண் பாதை, ஒரு தகர டப்பா, ஒரு பாட்டில் தண்ணீர்)

மேலும் கீழும் வெட்டிய பால் பவுடர் டப்பா ஒன்று, தண்ணீர் ஒரு பாட்டில். இது போதும், உங்கள் ஊர் மலை அடுத்த மழையைக் குடிக்குமா, கரைந்து ஓடுமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

வணக்கம் நண்பர்களே! நான் நிற்பது ஏலகிரியில், சுவாமிமலை உச்சிக்குப் போகிற பாதையில். 2019 வரை வேலூர் மாவட்டம், அதற்கும் முன்னால் வட ஆற்காடு.

பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். மண் அரிப்பைக் கணக்கிட விஷ்மையர், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். மழையின் வலு, மண்ணின் குணம், சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே இருக்கிற செடிகொடி, நாம் போடுகிற வரப்பு போன்ற தடுப்பு, இவற்றைப் பெருக்கினால் வருஷத்துக்கு எவ்வளவு மண் போகும் என்று வரும். ஆனால் அது வயலுக்குப் போட்ட கணக்கு. காலடிக்கு அதில் தனி இடம் இல்லை.

அதற்குத்தான் டப்பா. பாதை நடுவில் வைத்து அழுத்தினேன், இறங்கவே இல்லை. கல்லால் தட்டித்தான் இரண்டு விரற்கடை இறக்கினேன். தண்ணீர் ஊற்றினால், கிளாஸில் ஊற்றியது மாதிரி அப்படியே நிற்கிறது. நாலு எட்டு தள்ளி ஒரு புதர். சருகை ஒதுக்கிவிட்டு அதே டப்பாவை வைத்தேன். ஊற்ற ஊற்றக் குடிக்கிறது! மேலே மண்புழு எச்சம் குருணை குருணையாகக் கிடக்கிறது.

அதே மலை, அதே செம்மண். மிதிக்க மிதிக்க மண்ணுக்குள் இருந்த துளைகள் அடைபட்டுவிட்டன. உள்ளே போக வழியில்லாத மழை மேலாக ஓடும், சரிவில் வேகம் பிடிக்கும். வேகம் இரட்டிப்பானால் தண்ணீர் உருட்டக்கூடிய கல்லின் எடை எவ்வளவு கூடும்? இரண்டு மடங்கா? 64 மடங்கு! இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது தலைப்புக்கு வருவோம். மிதிபடும் நிலங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: சேதத்தில் பெரும்பங்கு ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது. புல் சாவதும் மண் இறுகுவதும் முதல் கொஞ்சம் பேரிலேயே. அப்புறம் எத்தனை பேர் நடந்தாலும் கூடுவது குறைவு. அதனால் தேய்ந்த பாதையில் நூறு பேர் போவதைவிட, புதுசாகக் குறுக்கே பத்து பேர் இறங்குவது மோசம். குறுக்கு வழி நேராகச் சரிவில் இறங்குவதால் மழைக்கும் அதுவே வாய்க்கால். அங்கே கிளம்புகிற மண் கீழே ஏரியில் போய்ப் படிகிறது. வருஷா வருஷம் தூர் வாரச் சொல்லிக் கேட்கிறோமே, அந்தத் தூரில் இதுவும் சேர்த்தி.

இன்னொரு சோதனை, வீட்டிலேயே செய்யலாம். காய்ந்த மண்கட்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் மழைக்குத் தாங்காத மண். கட்டியாகவே நின்றால், மக்கிப்போன இலைதழையும் வேரும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

ஜவ்வாது மலை, வள்ளிமலை, பர்வதமலை பக்கம் போகிறவர்கள் டப்பாவை எடுத்துப் போங்கள். பாதையில் ஒரு தடவை, புதரடியில் ஒரு தடவை. எங்கே எவ்வளவு நேரம் தண்ணீர் நின்றது என்று கமெண்டில் ஊர்ப் பெயரோடு போடுங்கள், அடுத்த வீடியோவில் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்துக் காட்டுகிறேன்.