கட்டத்திலிருந்து திரைக்கு வந்த ஸ்பைடர்மான்

அவையோருக்கு வணக்கம்.

சுப்பர்ஹீரோ படம் பார்த்துவிட்டு வரும் கொமிக்ஸ் வாசகன் முதலில் உடுப்புக்குத்தான் சண்டை பிடிப்பான். நிறம் பிழை, முகமூடிக் கண் சிறிசு என்பான். உடுப்பைத் தையற்காரரிடம் விட்டுவிடுவோம். கதையின் எந்த விசையைப் படம் கழற்றியது, பதிலுக்கு எதைப் பூட்டியது என்பதைப் பார்ப்போம்.

முத்து, லயன் இதழ்களோடு வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல்: அங்கே வந்த குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், பிரித்தானியாவில் பிறந்த வேறு ஆள். இன்றைய பேச்சு, 1962 ஓகஸ்ட் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகப்படுத்திய பீற்றர் பார்க்கரைப் பற்றியது.

சிலந்தி கடித்ததால் பீற்றருக்குப் பலம் வந்தது, சுவரில் ஒட்டும் தன்மை வந்தது, ஆபத்தை முன்கூட்டி உணரும் புலன் வந்தது. வலை வரவில்லை. அதற்கான திரவத்தையும் மணிக்கட்டில் கட்டும் கருவியையும் அவனே செய்துகொண்டான். திரவம் தீர்ந்தால் நடுவானில் கை வெறுமை. கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? 2002 படத்தில் இயக்குநர் சாம் ரைமி அந்தக் கருவியைக் கழற்றி, வலையை உடம்பிலிருந்தே சுரக்கவிட்டார். பள்ளிக்கூடப் பெடியனின் விஞ்ஞான மூளையும் போயிற்று, திரவம் தீரும் பதைப்பும் போயிற்று. ஆனால் 2004இல் வந்த இரண்டாம் படத்தில் அவன் மனம் தளர வலையும் வர மறுத்தது. கழற்றிய இடத்தில் சரியான ஒன்றைப் பூட்டிவிட்டார்.

பாலத்தில்தான் கணக்குப் பிழைத்தது. 1973இல் வெளிவந்த ‘அமேசிங் ஸ்பைடர்மான்’ 121ஆம் இதழில் வில்லன் கிறீன் கொப்ளின், பீற்றரின் காதலி குவென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மானின் வலை அவள் காலைப் பிடிக்கிறது. விழுந்த வேகம் திடீரென்று அறுபட, கழுத்து முறிகிறது. கழுத்தருகே ‘ஸ்னாப்’ என்று ஒரு சின்ன ஒலிச்சொல், அவ்வளவுதான். காப்பாற்ற நீட்டிய வலையே கொன்றது. 2002 படம் பாலத்தை எடுத்துக்கொண்டது. கொப்ளினை அவனுடைய பறக்கும் ஊர்தியே குத்திக் கொல்வதை 122ஆம் இதழிலிருந்து எடுத்துக்கொண்டது. படத்தின் காதலி மேரி ஜேனும் பிழைத்தாள், கம்பிவடப் பெட்டியில் தொங்கிய பிள்ளைகளும் பிழைத்தார்கள். விலை கொடுக்காமல் வாங்கிய காட்சி அது. 2014 படம் குவெனை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குள் சாகவிட்டது. துணிச்சல்தான். ஆனால் வேகத்தைக் குறைத்து, வலையின் நுனி கைபோல விரிவதுவரை காட்டியது. வாசகன் தானே கண்டு திடுக்கிட்டதைப் பார்வையாளனுக்கு ஊட்டிவிட்டார்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தை வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடியவிடிய ஆடியதைச் சுருக்கினார். ஆட்டத்தையும் தாளக்கட்டையும் விடவில்லை. 2018இன் ஸ்பைடர்வேர்ஸ் அனிமேஷன் படத்தை அந்த வரிசையில் வைப்பேன். தூரத்துப் பொருள்களை லென்ஸ் மங்கலாக்குவதற்குப் பதில், மலிவு அச்சில் நிறங்கள் விலகி விழுவதுபோல விலக்கினார்கள். நிழல்களில் அச்சுப் புள்ளிகள். திரையில் செக்கனுக்கு 24 ஃபிறேம், அதாவது 24 தனிப்படம், ஓடும். புதிய ஸ்பைடர்மானான பெடியன் மைல்ஸுக்கோ பல இடங்களில் ஒரே நிலையை இரண்டு ஃபிறேம் நிறுத்தி, 12 அசைவு மட்டுமே கொடுத்தார்கள். அவனுடைய தடுமாற்றம் அதில்தான் இருக்கிறது.

வீட்டில் பார்ப்பவர்கள், பீற்றரும் மைல்ஸும் மரங்களுக்கிடையே வலையில் தாவும் காட்சியின் தொடக்கத்தை ஒவ்வொரு ஃபிறேமாக நகர்த்திப் பாருங்கள். பீற்றர் ஒவ்வொன்றிலும் அசைவார்; மைல்ஸ் ஒன்று விட்டு ஒன்றில்.