அவர் கையில் இருந்த நாயனம்

பெரியோர்களே, வாத்தியம் கற்கும் பிள்ளைகளே, பெற்றோர்களே, வணக்கம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்ட பையன், அவர் வாசித்த மாதிரியே ஒரு நாயனம், அதாவது நாதஸ்வரம், வேண்டும் என்று அடம்பிடிப்பான். அது நல்ல ஆசை. ஒருவருடைய நாதம் மனசில் விழுந்த பிறகுதானே வாத்தியத்தைத் தேடிப் போகிறோம்! ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கேளுங்கள்: அவர் அதை எதற்காக எடுத்தார்?

அவருக்கு முன்னால் பெரிதும் புழங்கியது திமிரி. குட்டைக் குழல், நாலு, ஐந்து கட்டை சுருதி (கட்டை எண் ஏற ஏற சுருதி உயரும்). சிதம்பரத்தில் சுவாமி வீதி வரும்போது அத்தனை கூட்டத்தையும் தாண்டி, புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி கேட்க வேண்டும். அதற்கு அந்தக் கூர்மை வேண்டியிருந்தது. ராஜரத்தினம் பிள்ளைக்கோ மேடையில் அமர்ந்து ராகத்தை நிதானமாக விரிக்க வேண்டும். அதனால் நீண்ட பாரி நாயனம், இரண்டு, இரண்டரைக் கட்டை. சுருதிக்காகக் கூடவே ஊதும் ஒத்துக்குப் பதில் தம்புரா. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி, சுத்த மத்திமம் (கீழ் நிலை 'ம' சுரம்) சுத்தமாகப் பேசும் பாரியை அவருக்குச் செய்து கொடுத்தார்.

அதே பாரியைப் பத்து வயதுப் பிள்ளை எடுத்தால் துளைகளுக்கு விரல் எட்டாது. நுனி சரியாக மூடாத இடத்தில் காற்று கசியும், கீழ் சுரங்கள் பிசிறும். மூச்சு போதவில்லை என்று நினைத்துப் பிள்ளை கன்னத்தை உப்பி ஊதும். அந்தப் பழக்கம் பிறகு போகவே போகாது. இன்னொரு தவறு, பழைய திமிரியின் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாக்கை, பாரியில் செருகுவது. சீவாளி சிறியதாக இருந்தால் சுருதி ஏறும். கீழ் சட்ஜமும் மேல் சட்ஜமும் சேராது. சீவாளியும் அதைப் பொருத்தும் கெண்டையும் அந்தக் குழலோடு ஊதிப் பார்த்தே வாங்க வேண்டும்.

மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸைக் கேட்டு வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். கடையில் தொங்கும் மாண்டலினில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஜோடித் தந்தியை ஒரே விரலால் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது; ஒன்று ரிஷபத்தைத் தொடும்போது மற்றது கீழேயே நிற்கும், கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) கரகரக்கும். அவர் கையில் இருந்தது ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி போட்ட மின் மாண்டலின். ஒற்றைத் தந்தியில் ஒலி குறையும். அந்தக் குறையை மின்சாரம் ஈடுகட்டியது. ஆகவே புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். வீட்டில் இருப்பதில் ஜோடிக்கு ஒன்றாக நாலு தந்தியைக் கழற்றிவிட்டு மாயாமாளவகௌளை ராகத்தை இழுத்துப் பாருங்கள். கை பழகிய பிறகு ஐந்து தந்தியைப் பற்றிப் பேசலாம்.

மிருதங்கத்துக்குப் பண்ருட்டிப் பலா நம் பக்கத்து மரம், மரக்கட்டைக்குக் குறையில்லை. அளவுதான் சங்கதி. பிடித்த வித்வான் ஒரு கட்டை சுருதி பாடகருக்கு வாசித்தது ஏறக்குறைய 24 அங்குல மிருதங்கமாக இருக்கும். நீங்கள் வாசிக்கப் போவதோ ஐந்து கட்டையில் பாடும் அக்காவுக்கு என்றால் 22 அங்குலம் எடுங்கள். பெரியதை வாரை இழுத்து ஏற்றினால் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், இறுகி நாதம் அடைபடும், அதன் நடுவே இட்ட கரிய சாதம் வெடிக்கும், தோலைச் சுற்றிய மூட்டு தாங்காது. கடைக்குப் போகும்போது அக்காவின் சுருதிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.