ஒரு சோறு பதம்: 2006 இலையுதிர் காலத் தொடர்கள்

(டெக்சாஸில் ஒரு பொது நூலக அரங்கில், தமிழ் நண்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்த அரங்கை நமக்குக் கட்டணம் இல்லாமல் திறந்துவிட்டிருக்கும் நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேராசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் தொடங்கக் கூடாது. வாழ்நாள் முழுக்கச் சங்கப் பாடல்களை நடத்தியவர். அவரிடம் போய், "அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச ஒரு மாலை வேண்டும்" என்று கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. ஐயா உடனே, "கதைதானே, பேசுங்கள். நானே தலைமை தாங்குகிறேன்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு என் வணக்கம். நூலக அம்மையாருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தொடர்களின் குறுந்தகடுகளை ஒரு தனி அலமாரியாகவே இங்கே வைத்திருக்கிறார். இன்று நான் பேசப் போகிற தொடர்கள் பலவும் அந்த அலமாரியில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் போய்ப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து செய்திகள் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். முதல் அத்தியாயம் எப்படி எழுதப்படுகிறது என்பது ஒன்று. 2006 இலையுதிர் காலத்தில் வந்த புதிய தொடர்கள் என் மனதில் விட்ட முதல் பதிவு இரண்டாவது. நடிகர் தேர்வு, பின்னணி இசை, இவை மூன்றும் நான்கும். ஐந்தாவது, உங்கள் அனைவரிடமும் நான் வைக்கப் போகிற ஒரு கோரிக்கை.

ஏன் 2006? அந்த ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் அவ்வளவு பெரிய கதைகள் ஒன்றாக வந்து இறங்கின. இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மே மாதம் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டிவைத்து அலைவரிசைகள் புதுத் தொடர்களைக் காட்டும். செப்டம்பரில் ஒளிபரப்பு தொடங்கும். அப்போதெல்லாம் முதலில் 13 அத்தியாயங்களுக்குத்தான் பெரும்பாலும் உத்தரவு. நீல்சன் என்கிற நிறுவனம் எடுக்கும் கணக்கில் பார்வையாளர் எண்ணிக்கை நன்றாக இருந்தால் இன்னும் 9 சேர்த்து 22. நன்றாக இல்லை என்றால் எந்த வாரமும் கடைசி வாரம்தான்.

நம் வீடுகளில் ஒரு பழமொழி உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு புதுத் தொடரின் முதல் மணி நேரத்தையும் இந்தப் பழமொழியை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 25, திங்கட்கிழமை, என்பிசி அலைவரிசையில் 'ஹீரோஸ்' வந்தது. டிம் கிரிங் உருவாக்கியது. சாதாரண மனிதர்கள் சிலருக்குத் திடீரென்று அசாதாரண ஆற்றல்கள் வருகின்றன. டெக்சாஸின் ஒடெசாவில் ஒரு பள்ளி மாணவி எவ்வளவு அடிபட்டாலும் உடனே குணமாகிவிடுகிறாள். டோக்கியோவில் ஓர் அலுவலக ஊழியர் கடிகார முள்ளை மனதாலேயே ஒரு நொடி பின்னுக்குத் தள்ளுகிறார். கண்ணை இறுக மூடி முயன்று, கடைசியில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் போய் நிற்கிறார். அந்த ஊழியராக நடித்த மாசி ஓகா இரண்டு கைகளையும் தூக்கிக் கத்துகிற அந்த நொடியில் இந்தத் தொடரை விடக் கூடாது என்று முடிவெடுத்தேன். நமக்கு இன்னொரு காரணமும் இருந்தது. திரையில் 'மெட்ராஸ், இந்தியா' என்று எழுத்து வருகிறது. மொஹிந்தர் சுரேஷ் என்கிற மரபியல் பேராசிரியர், இறந்துபோன தந்தையின் ஆய்வைத் தேடி அங்கிருந்து நியூயார்க் போகிறார், டாக்ஸி ஓட்டுகிறார். அந்த வேடத்தில் செந்தில் ராமமூர்த்தி. சிகாகோவில் பிறந்தவர். கதையைத் தொடங்கிவைக்கும் குரலும் அவருடையதுதான். காட்டிய மெட்ராஸ் மெட்ராஸ் மாதிரியே இல்லை, அது வேறு. ஆனால் இவ்வளவு பெரிய அமெரிக்கத் தொடரின் நடுவில் செந்தில் என்ற பெயரைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் எழுந்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

அதற்கு ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 18 அன்று, ஆரன் சார்கின் எழுதிய 'ஸ்டுடியோ 60 ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்'. நேரலை நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் தயாரிப்பாளர், நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும்போதே கேமரா முன் வந்து நின்று, தொலைக்காட்சி எவ்வளவு கெட்டுவிட்டது என்று பொரிந்து தள்ளுகிறார். ஜட் ஹிர்ஷ் அந்தச் சில நிமிடங்களில் நடித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த ஆண்டின் மிகச் சிறந்த முதல் மணி நேரம் அதுதான் என்பேன். பின்னால் வந்த அத்தியாயங்கள் அந்த உயரத்தைத் தொடவில்லை. 22 அத்தியாயங்களோடு முடிந்தது.

அக்டோபர் 3 அன்று 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்'. டெக்சாஸில் இருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்து விளக்குகள் எரியும்போது ஊரே அங்கே போய்விடும் அல்லவா, அந்த ஊர்தான் கதை. டில்லன் என்பது கற்பனை ஊர், படம்பிடித்தது ஆஸ்டின் பக்கம். முதல் ஆட்டத்திலேயே நட்சத்திர வீரன் அடிபட்டு விழுகிறான், இனி அவனால் நடக்க முடியாது என்று ஆகிறது. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத, பாட்டியோடு வாழும் ஒரு கூச்சமுள்ள பையன் மைதானத்துக்குள் இறங்குகிறான். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே எடுத்தார்கள். ஒத்திகை கிடையாது. நடிகர்கள் தங்கள் சொந்தச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கைல் சாண்ட்லரும் கானி பிரிட்டனும் நடித்த பயிற்சியாளர், அவர் மனைவி, இவர்களை மாதிரி ஒரு நிஜமான தம்பதியை நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. வீட்டில் சண்டை போடுவார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் பார்த்தவர்கள் குறைவு. இரண்டாம் ஆண்டோடு போய்விடும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். டைரக்டிவி என்கிற செயற்கைக்கோள் நிறுவனம் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வந்ததால் மூன்றாம் ஆண்டு வந்தது. அப்புறம் நான்கு, ஐந்து. மொத்தம் 76 அத்தியாயங்கள். கதை தன் முடிவை நிம்மதியாகச் சொல்லி முடித்தது. 2011இல் கைல் சாண்ட்லருக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது.

இப்போது நான் சொல்ல மிகவும் விரும்பிய கதை. 'ஜெரிகோ'. சிபிஎஸ் அலைவரிசை, செப்டம்பர் 20. கான்சாஸில் ஒரு சின்ன ஊர். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பிய மகன், தாத்தா விட்டுச்சென்ற பங்கைக் கேட்கிறான், அப்பா மறுக்கிறார், கோபித்துக்கொண்டு கிளம்புகிறான். அதே நேரம் கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டு கூரைமேல் ஏறிய ஒரு சிறுவன் அடிவானத்தைப் பார்க்கிறான். டென்வர் நகரம் இருக்கும் திசையில் அணுகுண்டுப் புகை காளானாக எழும்புகிறது. கடைசியில் தொலைபேசியில் பதிவாகியிருந்த ஒரு தாயின் குரல் கேட்கிறது. அவள் டென்வரில் இருந்து வெகு தொலைவில் இருக்கும் அட்லாண்டாவில் இருந்து பேசுகிறாள். பேச்சு நடுவில் அறுந்துபோகிறது. அப்படியென்றால் விழுந்தது ஒரு குண்டு இல்லை. எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொடரை நவம்பர் கடைசியில் நிறுத்தி, பிப்ரவரியில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதுவும் 'அமெரிக்கன் ஐடல்' என்கிற பெரிய பாட்டுப் போட்டி ஓடுகிற நேரத்தில். பார்ப்பவர்கள் குறைந்தார்கள். 2007 மே மாதம், முதல் ஆண்டின் கடைசி அத்தியாயம் வந்த சில நாட்களிலேயே தொடர் ரத்து என்று அறிவிப்பு. கதையோ பக்கத்து ஊர்க்காரர்கள் படையோடு வந்து நிற்கும் இடத்தில் தொங்குகிறது! சரணடையச் சொல்கிறார்கள். கதாநாயகன் ஒரே வார்த்தை சொல்கிறான்: "நட்ஸ்".

அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1944 டிசம்பரில், பெல்ஜியத்தின் பஸ்டோன் நகரில் அமெரிக்கப் படையை ஜெர்மானியர்கள் சூழ்ந்துகொண்டு சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். ஜெனரல் மெக்காலிஃப் எழுதி அனுப்பிய பதில் இதே ஒரு வார்த்தைதான். "போங்கடா, முடியாது" என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வார்த்தைக்குக் கொட்டைப் பருப்பு என்றும் பொருள் இருக்கிறதே! ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிபிஎஸ் அலுவலகத்துக்குக் கடலையும் பருப்புமாக அனுப்பத் தொடங்கினார்கள். நியூ ஜெர்சியில் ஒரு குடும்பம் இணையம் வழியாகப் பருப்பு விற்றுவந்தது. ரசிகர்கள் அங்கே பணம் கட்டினார்கள், மூட்டை மூட்டையாக அலுவலக வாசலுக்குப் போய் இறங்கியது. எத்தனை தெரியுமா? 20 டன்னுக்கு மேல்! 40,000 பவுண்டு! நானும் என் பங்குக்கு வறுத்த வேர்க்கடலை அனுப்பினேன். என் மனைவி, "பக்கோடாவுக்கு வைத்திருந்தது எங்கே?" என்று கேட்டார். நியூயார்க் போயிருக்கிறது என்றேன். அவரும் அந்தத் தொடரைப் பார்த்தவர்தான். "அப்போ இன்னொரு பொட்டலமும் அனுப்பு" என்றார்.

ஜூன் மாதம் சிபிஎஸ் இறங்கிவந்தது. அதன் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் நினா டாஸ்லர் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். மேலும் 7 அத்தியாயங்கள் எடுக்கிறோம், இன்னும் நிறையப் பேரைப் பார்க்கவையுங்கள், தயவுசெய்து பருப்பு அனுப்புவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2008 பிப்ரவரி 12 அன்று 'ஜெரிகோ' திரும்ப வந்தது. மார்ச் 25 அன்று முடிந்தது. மூன்றாம் ஆண்டு கிடைக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கடைசி அத்தியாயத்துக்கு இரண்டு முடிவுகளைப் படம்பிடித்து வைத்தார்கள். தொடர் நீடித்தால் ஒன்று, நின்றுபோனால் ஒன்று. நின்றுபோனதால் இரண்டாவதை ஒளிபரப்பினார்கள். நண்பர்களே, இந்த இரண்டாவது முடிவுக்காகத்தான் நான் இன்று மேடை ஏறினேன்.

ஏனென்றால் அதே ஆண்டில் மற்றவற்றுக்கு என்ன நடந்தது பாருங்கள். ரே லியோட்டா நடித்த 'ஸ்மித்' மூன்றே வாரத்தில் போனது. ஏபிசியின் 'த நைன்' என்று ஒரு தொடர். வங்கிக் கொள்ளையில் 52 மணி நேரம் பணயக் கைதிகளாக இருந்தவர்களின் கதை. உள்ளே என்ன நடந்தது என்பதைக் காட்டாமல், வெளியே வந்த பிறகு அவர்கள் எப்படி மாறிப்போனார்கள் என்பதைக் காட்டியது. உள்ளே நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். வாக்கை நம்பி வாரா வாரம் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன மரியாதை? இப்போது ஓடிடியில் 8 அத்தியாயம், 10 அத்தியாயம் என்று கொடுக்கிறார்கள். அங்கேயும் கதாநாயகியைப் பள்ளத்தின் விளிம்பில் தொங்கவிட்டுவிட்டு ரத்து என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மறுபடியும் சொல்கிறேன். வீட்டில் அம்மா ஏன் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்? வெந்துவிட்டதா, அடுப்பை அணைக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான். வேகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வைப்பார். பானையைக் கவிழ்க்க மாட்டார். 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்கிற பானையை அடுப்பில் வைத்திருந்தார்கள், ஊருக்கே சாப்பாடு கிடைத்தது.

இசையையும் நடிகர் தேர்வையும் பற்றிப் பேச நேரம் இல்லை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அவர் பொறுமைக்கு நன்றி. 2007 நவம்பரில் தொடங்கி 100 நாள் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றியும், அதனால் 'ஹீரோஸ்' இரண்டாம் ஆண்டு 11 அத்தியாயங்களோடு சுருங்கியதைப் பற்றியும் இன்னொரு கூட்டத்தில் சொல்கிறேன்.

கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொடரை நிறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பணம் போடுகிறவர்கள் அவர்கள். ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு மணி நேரம் முடிவுக்காகக் கொடுங்கள். அதற்கும் பணம் இல்லை என்றால், ஒவ்வொரு பருவத்தின் கடைசி அத்தியாயத்துக்கும் இரண்டு முடிவுகளை எழுதிப் படம்பிடித்து வையுங்கள். எடுத்து முடித்து ஒளிபரப்பாமல் விட்ட அத்தியாயங்களைப் பெட்டிக்குள் பூட்டாமல் வெளியிடுங்கள், நம் நூலகம் மாதிரி இடங்களுக்குக் கொடுங்கள். இந்த மூன்றையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதிவைத்திருக்கிறேன். பின்பக்க மேசையில் படிகள் இருக்கின்றன. கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். பாதியில் நின்றுபோன எந்தத் தொடரின் முடிவு உங்களுக்கு வேண்டுமோ, அதன் பெயரை அந்த வரியில் உங்கள் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போடுங்கள். அந்தந்த நிறுவனத்துக்கு அனுப்பும் தபால் செலவு என்னுடையது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களின் பெற்றோருக்கும் ஆளுக்கு ஒரு படி கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.