பரோக் கால உருவ அச்சுகள் வெறும் நகல்தானா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு பிஷப்புகள், அமைச்சர்களின் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் எல்லாமே முட்டை வடிவச் சட்டமும் கீழே ஒரு கேடயச் சின்னமுமாக ஒரே மாதிரி இருக்கின்றன. யாரோ தீட்டிய ஓவியத்தின் நகல்தானே, இதில் கலை எங்கே?"

முதலில் நகல் என்பதைப் பார்ப்போம். ரீம்ஸ் நகரத்தைச் சேர்ந்த ரொபேர் நாந்தெய் (1678-இல் இறந்தார்) இருநூறுக்கும் மேற்பட்ட உருவப்படங்களைச் செதுக்கியிருக்கிறார். முதலமைச்சராக இருந்த கர்தினால் மாசரின், நிதியமைச்சர் கொல்பேர், மன்னர் 14-ஆம் லூயி எல்லோரும் அதில் உண்டு. மற்றவர்களின் ஓவியத்தை வைத்தும் அவர் செய்திருக்கிறார், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஆளை நேரில் உட்காரவைத்து, பென்சிலிலோ பாஸ்டல் என்கிற வண்ணக் கட்டியிலோ தானே வரைந்து, பிறகு அதைத் தகட்டில் ஏற்றியவர் அவர். அப்புறம் எப்படி நகல் என்போம்? 1660-இல் லூயி மன்னர் பிறப்பித்த ஆணை செதுக்குவதைக் கைத்தொழில் சங்கங்களின் பிடிக்குள் வராத சுதந்திரக் கலை என்றே அறிவித்தது.

வேலை எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். பியூரின் என்கிற கூர்முனை எஃகு உளியைச் செம்பில் தள்ளிக்கொண்டே போக வேண்டும், அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும், வளைவு வேண்டுமென்றால் கையைவிடத் தகட்டைத்தான் திருப்புவார்கள். தவறினால் சுரண்டித் தேய்த்து மறுபடி சமப்படுத்த வேண்டும். இத்தனையும் இடவலம் மாறித்தான் அச்சாகும். நாந்தெய் முகத்துக்குக் குட்டிக் குட்டிக் கீற்றுகளையும் புள்ளிகளையும் வைத்தார், உடைக்கு நீண்ட கோடுகள். அதனால்தான் கன்னம் சதையாகவும் அங்கி பட்டாகவும் தெரிகிறது. கறுப்பு மை ஒன்றுதான், வேறு எதுவும் கிடையாது!

ஓவியத்தைப் பார்த்துச் செய்ததையும் மட்டமாக நினைக்காதீர்கள். ஓவியர் ரிகோ தீட்டிய பிஷப் பொசுவேயின் முழு உருவத்தை 1723-இல் பியேர்-ஆம்பேர் த்ரவே செதுக்கினார். லேஸ், மென்மயிர், பட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோட்டு முறையை அவரேதான் கண்டுபிடித்தாக வேண்டும். வண்ணத்தில் இருந்ததைக் கோட்டில் கொண்டுவருவது என் பார்வையில் புதுப் படைப்புதான்.

இப்போது அந்த ஒரே மாதிரிச் சட்டம். இந்தப் படங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ள மட்டும் வந்தவை அல்ல. பல்கலைக்கழக மாணவர் தன் ஆய்வுரையை ஒரு பிஷப்புக்கோ மன்னருக்கோ காணிக்கையாக்கும்போது அவர் உருவத்தைப் பெரிய தாளில் அச்சடித்து ஆய்வுரையை அறிவிப்பார், பரிசாகக் கொடுப்பார்கள், ஆல்பத்தில் சேர்ப்பார்கள். பார்த்தவுடன் ஆள் யார், என்ன பதவி என்று தெரிந்தாக வேண்டும், அதற்குத்தான் பெயரும் பட்டமும் சின்னமும். கர்தினால் என்றால் கேடயத்துக்கு மேல் குஞ்சம் தொங்கும் அகலத் தொப்பி இருக்கும்.

அந்தக் கேடயத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1638-இல் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட நூலால் பரவிய முறைப்படி, செங்குத்துக் கோடு என்றால் சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமனே விட்டால் வெள்ளி. நிறமில்லாத தாளில் நிறத்தைப் படிக்கலாம்.