ஆறே முக்காலுக்கு ஆனை தெரியணுமா? பைனாகுலர் மேல இருக்கற ரெண்டு நம்பரை வகுத்துப் பாருங்க!

(திரையில்: மங்கின வெளிச்சத்துல தேயிலைக் காடு, பின்னாடி சோலை)

இந்தப் படத்துல ஒரு ஆனை நிக்குது, எங்கன்னு கண்டுபிடிங்க, அஞ்சு செகண்ட் டைம். தெரியலையா? வலது பக்கம், ரெண்டாவது சில்வர் ஓக் மரத்துக்குக் கீழ பாறை மாதிரி இருக்குல்ல, அதான். வால்பாறைல சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கடைக்குப் போயிட்டு லைன் வீட்டுக்குத் திரும்பி நடக்கறவங்களுக்கு, அது பாறையா ஆனையாங்கறது உசுர் சம்பந்தப்பட்ட கேள்வி.

வணக்கம் மக்களே! நம்ம தம்பிங்க சில பேரு விடாம கேட்டுட்டே இருக்காங்க, "அண்ணா, மங்கின வெளிச்சத்துல வேட்டைக்கு எந்த ரைஃபிள் ஸ்கோப் வாங்கலாம்?"னு. ஸ்கோப்புன்னா துப்பாக்கி மேல மாட்டற குட்டி தொலைநோக்கி. தம்பி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வேட்டை கிடையாது, அந்தப் பேச்சை அதோட விட்டுடலாம். மளுக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டினா கேரளா, அங்க பயிரை அழிக்கற காட்டுப்பன்னியைச் சுட அனுமதி குடுக்கற அதிகாரத்தை 2022-ல பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் குடுத்தாங்க, அதுவும் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கறவங்க மூலமா மட்டும்தான். நமக்குத் தேவை பைனாகுலர். ஆனா ஸ்கோப்புக்குள்ள இருக்கற அதே கணக்குதான் பைனாகுலருக்குள்ளயும் இருக்கு, ஒண்ணு புரிஞ்சா இன்னொண்ணும் புரியும்.

உங்க வீட்டுல பைனாகுலர் இருந்தா இப்பவே எடுத்துட்டு வாங்க. மேல 8×42, 10×50னு ஏதாச்சும் போட்டிருக்கும். முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்னு, ரெண்டாவது முன்னாடி லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. இப்ப ரெண்டாவதை முதலாவதால வகுங்க. 42-ஐ 8-ஆல வகுத்தா 5.25. இந்த 5.25 மி.மீ தான் கண்ணு பக்கம் வெளிய வர்ற ஒளி வட்டம், இங்கிலீஷ்ல எக்ஸிட் பியூபில்னு சொல்வாங்க. நான் சொல்றதை நம்பாதீங்க, பைனாகுலரைக் கை நீட்டிப் பிடிச்சு வானத்தைப் பாத்து வைங்க (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்), கண்ணு வைக்கற லென்ஸுல வெள்ளையா ஒரு குட்டி வட்டம் மிதக்கும், அதுதான் இது. எனக்கு இதை முதல் தடவை பாத்தப்ப அப்படியே புல்லரிச்சுருச்சு, இத்தனை வருஷம் கையில வெச்சிருந்த பொருளுக்குள்ள ஒரு நிலா இருந்திருக்கு!

(திரையில்: ஒளி வட்டம், பக்கத்துல ஸ்கேல்)

இப்ப நம்ம கண்ணு. பகல்ல கண்ணுமணி, அதான் நடுவுல இருக்கற கருப்பு ஓட்டை, 2, 3 மி.மீ தான் திறந்திருக்கும், அதனால எந்த பைனாகுலரும் பகல்ல பளிச்சுன்னு தெரியும், கடையில வாங்கறப்ப ஏமாறறது இங்கதான். இருட்டு ஏற ஏற கண்ணுமணி விரியும், இருபது வயசுல 7 மி.மீ வரைக்கும் போகும், அறுபது வயசுல பல பேருக்கு 5 தாண்டறதே கஷ்டம். ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்தறதை நினைச்சுக்குங்க, கேன் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் உள்ள போகும், மிச்சம் வெளிய வழிஞ்சுரும். 7×50 வாங்கினா வட்டம் 7.1, பேரனோட கண்ணு முழுசாக் குடிச்சுரும், தாத்தாவுக்கு ஓரத்துல பாதி வெளிச்சம் கண்ணுக்குள்ளயே போகாது, அவருக்கு 8×42 போதும், எடையும் கொறைவு. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ரெண்டு பைனாகுலர், இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டாங்க!

ஜெர்மனில காட்டுப்பன்னி வேட்டை சட்டப்படி நடக்குது, நிலா வெளிச்ச ராத்திரில பரண் மேல உக்காந்திருப்பாங்க, அவங்க காலங்காலமா வெச்சிருக்கற ஸ்கோப் 8×56. வகுத்துப் பாருங்க, சரியா 7. மனுஷக் கண்ணு எவ்வளவு விரியுமோ அந்த அளவுக்கே செஞ்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

இப்ப கடைல நடக்கற ஒரு ஏமாத்து வேலையைச் சொல்றேன், கவனமாக் கேளுங்க. மங்கின வெளிச்சத்துல எவ்வளவு தெரியும்னு சொல்ற மாதிரி ட்வைலைட் ஃபேக்டர்னு ஒரு நம்பரைப் பெருசாப் போட்டு விப்பாங்க. ரெண்டு நம்பரையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கறது. 7×50-க்கு 18.7 வரும். பாக்கெட்ல போடற குட்டி 16×25-க்கு 20 வரும். அப்ப குட்டிதான் பெஸ்ட்டா? அதோட ஒளி வட்டம் 1.6 மி.மீ கூட இல்ல! நல்லா விரிஞ்ச 7 மி.மீ கண்ணுக்கு 7×50 காட்டற காட்சி அதைவிட ஏறக்குறைய 20 மடங்கு பிரகாசம். எங்க மாமா டூரிஸ்ட் இடத்துல ஒரு கடையில 8-24×50 ஜூம் ஒண்ணு வாங்கினாரு, முன்னாடி லென்ஸ் ரத்தச் செவப்பு. 24-க்கு ஜூம் பண்ணினா வட்டம் 2 மி.மீ, சாயங்காலம் ஒண்ணுமே தெரியல. அந்தச் செவப்புப் பூச்சு வேற செவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிரும், காட்டெருமைகூடப் பச்சையாத் தெரிஞ்சுது. அந்தக் காசுக்கு அவரு எத்தனை நாள் கொழுந்து பறிச்சிருப்பாருன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. செவப்பு லென்ஸ் வாங்காதீங்க, தயவுசெஞ்சு.

பூச்சுன்னா எது நல்லது? "ஃபுல்லி மல்டி கோட்டட்"னு இருக்கணும், அதாவது எல்லாக் கண்ணாடிப் பரப்புலயும் பல அடுக்குப் பூச்சு. வெறும் கண்ணாடி ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பிரும், பத்துப் பரப்பு இருந்தா மூணுல ஒரு பங்கு காலி. 1935-ல ஜெர்மனியோட ஸைஸ் லென்ஸ் கம்பெனில ஸ்மகூலாங்கற விஞ்ஞானி இதுக்குத் தீர்வா மெல்லிசான பூச்சைக் கண்டுபிடிச்சாரு. உள்ள வெளிச்சத்தைத் திருப்பற கண்ணாடிக் கட்டை, அதான் பிரிஸம், பேக்-4ங்கற கண்ணாடி வகையா இருக்கட்டும். தண்ணி புகாததா இருக்கட்டும், நம்ம சின்னக்கல்லாறு மழைக்கு மத்ததெல்லாம் ஒரே வருஷத்துல பூஞ்சை புடிச்சுரும்.

நான் சொல்றது 8×42. 10×42 பெருசாக் காட்டும், ஆனா பிரகாசத்துல 8×42 ஒன்றரை மடங்கு மேல, கையும் நடுங்காது. இருபதுகள்ல இருக்கற தம்பிங்க, வாட்சர் வேலை பாக்கறவங்க, எடை தூக்கத் தயார்னா 7×50.

வாங்கியாச்சு, ஆனா கண்ணைப் பழக்கலைன்னா வேஸ்ட். இருட்டுல பாக்கறதுக்குன்னு கண்ணுக்குள்ள இருக்கற செல்லு (உயிரணு) முழுசா முழிக்க இருபது, முப்பது நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவை போனைப் பாத்தீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து. இன்னொரு அதிசயம், கண்ணோட நடு மையத்துல அந்தச் செல்லே கிடையாது! அதனால சந்தேகப்படற பாறையை நேராப் பாக்காதீங்க, கொஞ்சம் பக்கத்துல பாருங்க, அப்ப காது ஆடறது தெரியும்.

(திரையில்: மறுபடி முதல் படம், 8×42 வழியா. காது ஆடுது)

பைனாகுலர் இருக்குன்னு தைரியமா இருட்டுல நடக்காதீங்க மக்களே. நம்ம ஊர்ல ஆனை வந்தா எஸ்எம்எஸ் வருது, செவப்பு லைட் எரியுது, அந்த வேலையைச் செஞ்ச காட்டுயிர் ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2013-ல இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருதே குடுத்தாங்க. லைட் எரிஞ்சா அன்னைக்கு வேற வழி, இல்ல வீட்டுலயே இருங்க.

உங்க பைனாகுலர் நம்பரையும் உங்க வயசையும் கீழ எழுதுங்க. வட்டம் உங்க கண்ணுக்குப் பொருந்துதான்னு ஒவ்வொருத்தருக்கும் நானே கணக்குப் போட்டுச் சொல்றேன்.